கல்லூரி புகும் பிள்ளையும் குடும்பத்தின் கடமையும்

(சங்கத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



கல்வியின் சிறப்பைப் பற்றி இம்மேடையில் முன்னர்ப் பேசியவர்கள் நிறைவாகவே பேசிவிட்டார்கள். படிக்க வேண்டும் என்பதை இனி நம் தெருக்களில் யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கையெழுத்திடத் தெரியாத தாயும் தன் பிள்ளை படிக்க வேண்டும் என்றே விரும்புகிறாள். இருபத்தைந்து ஆண்டுகளில் இச்சங்கம் கண்ட பெரும்பயன் அதுவே. ஆதலின் நாம் சற்றுக் குறுகிய பொருள் ஒன்றை எடுத்துக்கொள்கிறோம். பன்னிரண்டாம் வகுப்பில் தேறிய பிள்ளை கல்லூரியில் சேர்ந்த பின்னர், அந்தப் பிள்ளையின் வீட்டார் செய்ய வேண்டியது என்ன? இதுவே நம் பேச்சின் பொருள்.

முன்னாளில் கல்லூரி என்பது நமக்குக் கண்ணுக்கெட்டாத தொலைவில் இருந்தது. இன்று அப்படியில்லை. காவேரிப்பட்டினத்தில் பேருந்து ஏறினால் அரைமணி நேரத்துக்குள் கிருஷ்ணகிரி அரசு கலைக் கல்லூரியை அடைந்துவிடலாம். பர்கூரில் அரசு பொறியியற் கல்லூரி இருக்கிறது. தெற்கே தருமபுரியிலும் வடக்கே ஓசூரிலும் அரசுக் கல்லூரிகள் உள்ளன. 2004-ஆம் ஆண்டு தருமபுரியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமான கிருஷ்ணகிரிக்கு, 2022 சனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. வாயில்கள் திறந்திருக்கின்றன. நம் பிள்ளைகளும் நுழைகிறார்கள். ஆனால் நுழைந்தவர் அனைவரும் பட்டத்தோடு வெளிவருகிறார்களா?

பள்ளித் தலைமையாசிரியர் என்ற முறையில் நாம் காணும் காட்சி ஒன்றுண்டு. சூன் மாதத்தில் மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு, கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது என்று மகிழ்ச்சியோடு சொல்லிச் சென்ற மாணவனை, அடுத்த தைப்பொங்கலுக்குள் ஓசூர்ப் பேருந்தில் காண்கிறோம். கழுத்தில் ஒப்பந்தத் தொழிலாளியின் அடையாள அட்டை தொங்குகிறது. கேட்டால், நின்றுவிட்டேன் ஐயா என்று தலை குனிகிறான். இப்படி நின்றவர்களுள் அறிவில் குறைந்தவர் மிகச் சிலரே. பெரும்பாலோர் நல்ல மதிப்பெண் பெற்றவர்கள். அவர்களை நிறுத்தியது பாடத்தின் கடினம் மட்டுமன்று. முதல் பருவத்தில் வந்த சிறு சிறு இடர்களைத் தாங்கிப் பிடிக்க ஆளில்லாமற் போனதே பெருங்காரணம்.

ஆகவே நாம் வலியுறுத்த விரும்புவது ஒன்றே. கல்லூரியில் சேர்ப்பது ஒரு நாள் வேலை. அங்கே நிலைக்கச் செய்வது ஆறு மாத வேலை. நம் மாவட்டம் மாமரத்தின் மாவட்டம். ஒட்டுக்கன்று நட்டு வளர்த்தவர்கள் இந்த அவையில் பலர் இருக்கிறீர்கள். குழி தோண்டிக் கன்றை ஊன்றியதோடு கடமை முடிந்தது என்று எவரேனும் வீட்டுக்குப் போவதுண்டோ? முதற்கோடையில் குடம் சுமந்து நீர் ஊற்றுகிறோம்; ஆடு மாடு மேயாமல் முள் கட்டுகிறோம்; அந்த ஆண்டே காய் கேட்பதில்லை. கல்லூரியில் ஊன்றிய பிள்ளைக்கும் அந்த முதற்கோடை உண்டு. அந்நாளில் குடும்பம் தர வேண்டியவை மூன்று. நேரம், பொருள், துணிவு என்பன அவை.

இவற்றுக்கு அண்ணல் அம்பேத்கரின் இல்லத்தைவிட நல்ல சான்று நமக்குக் கிடைக்காது. அண்ணல் பெற்ற பட்டங்களை நாம் அடிக்கடி எண்ணிப் பெருமைப்படுகிறோம். அப்பட்டங்களுக்குப் பின்னே நின்ற தந்தையார் ராம்ஜியைப் பற்றிப் பேசுவது குறைவு. அவர் படையில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். பம்பாய்ப் பரேல் பகுதியில் தொழிலாளர் குடியிருப்பில் ஒரே ஓர் அறை. சமையலும் அங்கே, படுக்கையும் அங்கே, படிப்பும் அங்கே. தந்தை என்ன செய்தார்? மகனை முன்னிரவிலேயே உறங்கச் சொல்லிவிட்டுத் தாம் விழித்திருப்பார். இரவு இரண்டு மணிக்கு, ஊர் அடங்கிய வேளையில், மகனை எழுப்பிப் படிக்க அமர்த்திவிட்டு அதன் பிறகே தாம் கண்ணயர்வார். நூல் வாங்கப் பணமில்லாதபோது, மணமாகி அதே நகரில் வாழ்ந்த மகள்களிடம் செல்வார். அவர்களிடமும் பணம் இல்லையேல், அவர்கள் கழற்றித் தரும் நகையை அடகு வைத்து நூல் வாங்குவார். ஓய்வூதியம் வந்ததும் நகையை மீட்டு மகளிடம் சேர்ப்பார்.

1907-இல் மெட்ரிகுலேஷன் தேறி, அடுத்த ஆண்டு எல்பின்ஸ்டன் கல்லூரியில் சேர்ந்து, 1912-இல் பி.ஏ. தேர்வு எழுதினார் அண்ணல். 1913 பிப்ரவரியில் தந்தையார் மறைந்தார். மகன் கொலம்பியாப் பல்கலைக்கழகத்துக்குக் கப்பல் ஏறியதைக் காண அவர் இல்லை. மகனின் பெருமைகளில் பெரும்பகுதியைக் காணாமலே அவற்றுக்கு அடித்தளம் இட்டவர் அவர். பின்னர் அண்ணல் அயல்நாடுகளில் பயின்ற ஆண்டுகளில், அந்த வீட்டை வறுமையோடு போராடித் தாங்கியவர் அன்னை ரமாபாய். ஓர் அறையும் ஓய்வூதியமும் மட்டுமே கொண்ட குடும்பம் நேரத்தைத் தந்தது, பொருளுக்கு வழி கண்டது, துணிவையும் ஊட்டியது. நம் வீடுகளால் இயலாதது இதில் எது?

முதலாவதாக, நேரம். நம் வீட்டில் ஒரு பிள்ளை கல்லூரிக்குப் போகத் தொடங்கியதும் அவனை அறியாமலே ஒரு புதிய வேலை அவன் தலையில் ஏறுகிறது. அவன் வீட்டுக்கு எழுத்தன் ஆகிவிடுகிறான். வங்கிப் படிவத்தை நிரப்ப அவன், இ-சேவை மையத்துக்கு அலைய அவன், சித்தப்பாவை மருத்துவமனையில் சேர்க்க அவன், பக்கத்து வீட்டு வழக்குக்கு மனு எழுத அவன். படித்தவன் ஒருவனே இருக்கும் வீட்டில் இது இயல்பு. ஆயினும் ஒவ்வொரு முறையும் இழக்கப்படுவது ஒரு நாள் வகுப்பு என்பதை வீட்டார் அறிதல் வேண்டும்.

கல்லூரியில் பொதுவாக 75 விழுக்காடு வருகை இருந்தால்தான் தேர்வு எழுத அனுமதி கிடைக்கும். ஒரு பருவத்துக்குத் தொண்ணூறு வேலை நாள்கள் என்று கொண்டால், விடுப்புக்கு எஞ்சுவது இருபத்திரண்டு நாள்களே. இனி நீங்களே கணக்குப் பாருங்கள். உறவில் இரண்டு சாவு, மூன்று திருமணம், தை மாசியில் எருது விடும் விழா, மாசியில் மயானக் கொள்ளை, தாய்க்கு ஒருவாரக் காய்ச்சல், பிள்ளைக்கு ஒருவாரக் காய்ச்சல். இருபத்திரண்டு நாள்களும் கரைந்துவிட்டன. பிள்ளை தேர்வில் தோற்கவில்லை. தேர்வறைக்குள்ளேயே போக முடியவில்லை. ஆகவே சாவுக்கும் வாழ்வுக்கும் யார் போவது, யார் வீட்டில் நிற்பது என்பதைக் குடும்பம் பேசி முடிவு செய்ய வேண்டும். கல்லூரிப் பிள்ளையைக் கூப்பிடுவது கடைசி வழியாக இருக்க வேண்டும்.

இங்கே நம் பகுதிக்கே உரிய ஓர் இடரையும் சொல்ல வேண்டும். மாங்கூழ் ஆலைகளில் ஆள் தேவைப்படும் பருவமும், கல்லூரிச் சேர்க்கை நடக்கும் பருவமும் ஒன்றாக வருகின்றன. மே, சூன் மாதங்களில் கூலி கிடைக்கும் நாளில்தான் விண்ணப்பம், கலந்தாய்வு, சான்றிதழ்ச் சரிபார்ப்பு எல்லாம் நடக்கின்றன. சீசன் முடியட்டும், பிறகு போகலாம் என்று இருந்துவிட்டு இடத்தை இழந்த பிள்ளைகளை நாம் அறிவோம். ஒரு வாரக் கூலிக்காக மூன்றாண்டுப் படிப்பைக் கைவிடலாமா?

பெண் பிள்ளைகளின் நேரத்தைப் பற்றித் தனியே சொல்லியாக வேண்டும். மகன் கல்லூரிக்குப் போனால் அவன் படிக்கிறான் என்று தட்டில் சோறு வைக்கிறோம். மகள் கல்லூரிக்குப் போனால், தண்ணீர் பிடித்து, பாத்திரம் துலக்கி, தம்பிக்குச் சோறு கட்டிவிட்டுப் பேருந்துக்கு ஓடச் சொல்கிறோம். மாலையில் திரும்பினால் மீண்டும் அடுப்பு. பிறகு, மகள் மதிப்பெண் வாங்கவில்லை, மாப்பிள்ளை பார்த்துவிடலாம் என்கிறோம். இது நீதியா? அண்ணனும் தம்பியும் தங்கள் துணியைத் தாங்களே துவைத்துக்கொண்டால் அந்தப் பெண்ணுக்கு நாள்தோறும் ஒரு மணி நேரம் மீதமாகும். மூன்றாண்டில் அது எத்தனை நூல்களைப் படிக்கும் நேரம் என்று எண்ணிப் பாருங்கள். படிப்பு முடியும் வரை நிச்சயதார்த்தப் பேச்சை எடுக்கமாட்டோம் என்று பெற்றோர் இருவரும் மகளின் முன்னிலையில் சொல்லிவிட வேண்டும். அந்தச் சொல் அவளுக்கு ஓர் உதவித்தொகைக்கு நிகரானது.

இரண்டாவதாக, பொருள். நம் பிள்ளைகளுக்கு அரசின் உதவி உண்டு. ஒடுக்கப்பட்ட மாணவர்க்கான மேற்படிப்பு உதவித்தொகைத் திட்டம் 1944-ஆம் ஆண்டு தொடங்கியது. அப்போது வைசிராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்த அம்பேத்கர், நம் பிள்ளைகளின் உயர்கல்விக்கென்று அரசிடம் வாதாடி நிதி பெற்றார். அந்த உரிமையின் தொடர்ச்சியே இன்று நம் பிள்ளைகளின் வங்கிக் கணக்குக்கு வரும் தொகை. அரசுப் பள்ளியில் படித்த மாணவியர்க்கு மாதம் 1000 ரூபாய் அளிக்கும் புதுமைப் பெண் திட்டம் 2022-இலும், மாணவர்க்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-இலும் தொடங்கப்பட்டன. எந்த உதவிக்கு எந்த நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பதைச் சேர்க்கையன்றே கல்லூரி அலுவலகத்தில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இதற்குத் தாயோ தந்தையோ உடன் செல்வது நன்று. அலுவலகப் பணியாளர் பெற்றோரின் முகத்தை ஒருமுறை பார்த்திருப்பது பின்னர்ப் பலவிதத்தில் உதவும்.

இந்த உதவிகளுக்கெல்லாம் சாவி காகிதம். சாதிச் சான்று, வருமானச் சான்று, மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், ஆதார் இணைக்கப்பட்ட வங்கிக் கணக்கு, குடும்பத்தில் எவரும் பட்டம் பெறாதிருந்தால் முதல் பட்டதாரிச் சான்று. இவற்றில் ஒன்றில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் பணம் நின்றுவிடும். பள்ளிச் சான்றில் தந்தை பெயர் ஒருவிதமாகவும் ஆதாரில் வேறுவிதமாகவும் இருக்கும் பிள்ளைகள் நம் ஊரில் பலர். பன்னிரண்டாம் வகுப்பு நடக்கும்போதே இவற்றைச் சரிசெய்து, ஒரு தகரப் பெட்டியில் வைத்து, ஐந்தைந்து நகல் எடுத்துவையுங்கள். மூலச் சான்றிதழை இடைத்தரகர் எவரிடமும் கொடுக்காதீர்கள். இடம் வாங்கித் தருகிறேன் என்று சொல்லிச் சான்றிதழைக் கையில் வாங்கிக்கொண்டு, பின்னர் அதை வைத்தே பணம் கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

உதவித்தொகை வரும்; ஆனால் தேவைப்படும் நாளில் வருவதில்லை. கட்டணமும் விடுதி முன்பணமும் புத்தகமும் உடனே வேண்டும். தொகையோ பல மாதங்கள் கழித்து வருகிறது. இந்த இடைவெளியில்தான் பிள்ளைகள் உதிர்கிறார்கள். இதைக் குடும்பம் முன்கூட்டியே அறிந்து, பத்தாம் வகுப்பு முதலே மாதந்தோறும் சிறு தொகையை அஞ்சலகத்தில் சேர்த்துவர வேண்டும். வாரத்தவணைக் கடன் வாங்கிக் கட்டணம் கட்டுவது ஆபத்து. தவணைக்காரர் வாசலில் நிற்கும்போது பிள்ளையின் மனம் பாடத்தில் நிற்காது. கடன் தேவையென்றால் வங்கியின் கல்விக் கடனைக் கேளுங்கள். 4 லட்சம் ரூபாய் வரையிலான கல்விக் கடனுக்கு வங்கிகள் சொத்துப் பிணை கேட்பதில்லை. திருப்பிச் செலுத்துவதும் படிப்பு முடிந்த பிறகே தொடங்கும். ராம்ஜி மகளின் நகையை அடகு வைத்தார்; அதைத் தவறாமல் மீட்டும் தந்தார். கல்விக்காகப் பெறும் கடனுக்கு இந்த இரண்டும் வேண்டும்.

பொருளைப் பற்றிப் பேசும்போது ஓசூரைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தது. அங்கிருந்து நாற்பது கிலோமீட்டரில் பெங்களூர். இந்த ஆலைகளும் அந்த நகரமும் நம் மக்களுக்குப் பண்ணை அடிமைத்தனத்திலிருந்து வெளியேற வழி தந்தன. அதை நாம் மறக்கவில்லை. ஆலைத் தொழில் இழிந்ததன்று. உழைத்து உண்பவர் எவரும் நமக்கு உயர்ந்தவரே. ஆனால் பதினெட்டு வயதில், படிப்பை நடுவில் முறித்துக்கொண்டு, ஒப்பந்தக்காரர் வழியாக ஆலைக்குள் நுழைகிற பிள்ளைக்கு நிலையான வேலை இல்லை. ஒப்பந்தம் முடிந்தால் வாயிலுக்கு வெளியே நிற்க வேண்டும். அதே ஆலைக்குள் பட்டமோ பட்டயமோ பெற்று நுழைபவர்க்கு வேறு நாற்காலி இருக்கிறது. அந்த நாற்காலியில் நம் பிள்ளை உட்கார வேண்டாமா?

பெற்றோரே, பக்கத்து வீட்டுப் பிள்ளை மாதச் சம்பளம் கொண்டுவந்து, கைப்பேசி வாங்கி, இருசக்கர வண்டி வாங்கி நிறுத்தும்போது, நம் பிள்ளையைப் பார்த்து, நீ என்ன கொண்டுவந்தாய் என்று கேட்காதீர்கள். அந்த ஒரு கேள்வியால் படிப்பை விட்டவர்கள் உண்டு. குடும்ப நிலையால் வருமானம் வேண்டியே தீரும் என்றால், அந்த நிலையைச் சங்கத்திடமும் ஆசிரியரிடமும் முதலில் சொல்லுங்கள். விடுமுறையில் வேலை செய்யலாம். வேறு வழியே இல்லையெனில், முறையாக அனுமதி பெற்ற தொலைநிலைக் கல்வியில் தொடரலாம். ஒருவருக்கும் சொல்லாமல் ஒருநாள் காலையில் ஓசூர்ப் பேருந்தில் ஏறிவிடுவது மட்டும் வேண்டாம்.

மூன்றாவதாக, துணிவு. தமிழ்வழியில் படித்த பிள்ளை, கல்லூரியின் முதல் வாரத்தில் ஆங்கிலத்தில் நடக்கும் பாடத்தைக் கேட்டுத் திகைத்துப் போகிறான். பள்ளியில் முதல் மாணவனாக இருந்தவன் இங்கே வாய் திறக்க அஞ்சுகிறான். முதல் பருவத் தேர்வில் ஒரு தாளிலோ இரு தாள்களிலோ தவறிவிடுகிறான். வீட்டில் என்ன நடக்கிறது? பெயிலாகிவிட்டான் என்று தெருவெல்லாம் பேச்சு. கல்லூரித் தேர்வு பள்ளித் தேர்வு போன்றதன்று என்பதைப் பெற்றோர் அறிய வேண்டும். ஒரு தாளில் தவறினால் அந்த ஒரு தாளை மட்டும் மறுபடி எழுதலாம்; அதை அரியர் என்பார்கள். அடுத்த பருவப் படிப்பு அதனால் நிற்பதில்லை. முதல் பருவத்தில் அரியர் வைத்துப் பின்னர் நல்ல வகுப்பில் தேறியவர் எத்தனையோ பேர். அந்தச் செய்தி வீட்டுக்கு வரும் நாளில் தந்தை பேச வேண்டிய சொல் ஒன்றுதான்: அடுத்த முறை எழுதிவிடலாம்.

படிக்காத பெற்றோர் பாடத்தில் என்ன உதவ முடியும் என்று கேட்கிறீர்கள். குடியரசுத் தலைவராக விளங்கிய கே.ஆர்.நாராயணன் கேரளத்தின் ஓர் எளிய குடும்பத்தில் பிறந்தவர். நூல் வாங்க வசதியில்லாத மாணவப் பருவத்தில், ஆஸ்துமா நோயால் வீட்டோடு இருந்த அவர் தமையனார் பிற மாணவரிடம் நூல்களை இரவல் பெற்று, கையால் படியெடுத்துத் தம்பிக்குக் கொடுத்தார். அந்தத் தம்பி 1943-இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியத்தில் முதலிடம் பெற்றார். 1997-இல் நாட்டின் முதல் குடிமகனானார். நோயுற்ற அண்ணனால் ஒரு தம்பிக்கு இவ்வளவு செய்ய முடிந்ததென்றால், உடல்நலத்தோடு இருக்கும் நாம் நம் பிள்ளைக்கு ஏதும் செய்ய முடியாது என்று சொல்லலாமா? எம் தந்தையார் எழுத்தறியாதவர். நாம் விடுதியில் தங்கிப் படித்த காலத்தில் மாதம் ஒருமுறை வந்து பார்ப்பார். பாடத்தைப் பற்றி ஒன்றும் கேட்கமாட்டார். சாப்பிட்டாயா, உறங்கினாயா, உன்னோடு பேசுவதற்கு யார் இருக்கிறார்கள் என்று மூன்றே கேள்விகள் கேட்பார். ஒரு பேராசிரியர் கேட்க முடியாத கேள்விகள் அவை.

அந்த மூன்றாவது கேள்வி மிகப் பெரிய கேள்வி. 1859-இல் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் கோயம்புத்தூர்க் கல்விச்சாலையில் பயின்றபோது, ஏறத்தாழ நானூறு மாணவரில் பெரும்பாலோர் பிராமணர். தம் சாதியை அறிந்தால் இழிவாக நடத்துவார்களோ என்று அஞ்சி, மணி அடித்த பிறகே வகுப்புக்குள் செல்வாராம்; வகுப்பு முடிந்ததும் எவரும் உடன் வந்துவிடாதபடி விரைந்து வீடு சேர்வாராம். இதை அவரே தம் வாழ்க்கைச் சுருக்கத்தில் எழுதியிருக்கிறார். அவ்வாறு ஒதுங்கி நடந்த சிறுவர் பின்னாளில் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் நம் மக்களுக்காகப் பேசினார். ஆனால் அந்தத் தனிமையைத் தாங்க முடியாமல் போனவர்களும் உண்டு. சேலம் மாவட்டத்திலிருந்து ஆராய்ச்சிப் படிப்புக்குச் சென்ற செந்தில்குமார் 2008-இல் ஐதராபாத்திலும், முத்துக்கிருஷ்ணன் 2017-இல் தில்லியிலும் உயிர் நீத்தார்கள். இருவரும் ஒடுக்கப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள். அவர்கள் பெயரைச் சொல்லும்போது நம் குரல் தழுதழுக்கிறது. ஆயினும் சொல்லாமல் இருப்பதற்கில்லை.

ஆகவே குடும்பம் பிள்ளையிடம் இரண்டு செய்திகளைச் சொல்லி அனுப்ப வேண்டும். முதற்செய்தி: எந்தத் தெரு என்று கேட்டால் தலை நிமிர்ந்து சொல், இடஒதுக்கீட்டில் வந்தவன் என்று இகழ்ந்தால் அது பிச்சையன்று, உரிமை என்று அறிந்திரு. சென்னை மாகாணத்தின் இடஒதுக்கீட்டு ஆணை நீதிமன்றத்தில் செல்லாது என்றானபோது, 1951-இல் அரசமைப்புச் சட்டத்தின் முதல் திருத்தமே அதற்காக வந்தது என்ற வரலாற்றை ஒவ்வொரு பிள்ளையும் அறிந்து செல்ல வேண்டும். பகடிவதைக்கு எதிராக 1997 முதல் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் உண்டு. சாதிய இழிவுக்கு எதிராக 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் உண்டு. இரண்டாம் செய்தி: உன் படிப்பைவிட நீ எங்களுக்குப் பெரியவன். மனம் உடையும் நாளில், எந்த நேரமானாலும், வீட்டுக்கு வா. ஏன் வந்தாய் என்று கேட்கமாட்டோம். இவ்வாறு சொல்லப்பட்ட பிள்ளை பெரும்பாலும் படிப்பை விட்டு வருவதில்லை. திரும்பி வர ஓர் இடம் இருக்கிறது என்ற தைரியத்திலேயே அங்கே நிலைத்துவிடுகிறான். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணையும் அவன் குறித்துக்கொள்ளட்டும்.

இனிச் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். எல்லாக் குடும்பத்தாலும் எல்லாம் இயலாது. அண்ணலுக்குத் தந்தையார் மட்டும் இருந்திருந்தால் போதியிருக்காது. கேலுஸ்கர் என்னும் ஆசிரியர் அந்தச் சிறுவனின் திறமையைக் கண்டு, பரோடா மன்னரிடம் எடுத்துச் சொல்லி, மாதம் 25 ரூபாய் உதவித்தொகைக்கு வழி செய்தார். குடும்பத்தின் கை எட்டாத இடத்தில் வேறொரு கை நீள வேண்டும். வெள்ளி விழாக் காணும் இச்சங்கம் அந்தக் கையாக இருத்தல் வேண்டும். மூன்று காரியங்களை முன்வைக்கிறோம். உதவித்தொகை வந்ததும் திருப்பித் தரும் முறையில், முதலாண்டு மாணவர்க்கு வட்டியில்லாச் சுழல்நிதி ஒன்று வேண்டும். சங்கக் கட்டடத்தின் கதவு மாலை ஆறு மணி முதல் இரவு பத்து மணி வரை திறந்திருந்து, விளக்கு எரிந்து, ஓர் அறை வீட்டுப் பிள்ளைகள் அங்கே அமர்ந்து படிக்க வேண்டும். புதிதாய்ச் சேரும் ஒவ்வொரு மாணவருக்கும் அதே கல்லூரியில் படிக்கும் அல்லது படித்த ஒரு மூத்த மாணவர் துணையாக அமர்த்தப்பட வேண்டும். மாணவியர்க்கு மாணவியர் துணை. இதற்குப் பெருஞ்செலவு ஏதும் இல்லை. ஆள் வேண்டும், அவ்வளவே.

இளைஞர்களே, இதுவரை குடும்பத்தின் கடமையைப் பேசினோம். உங்கள் கடமையும் உண்டு. கல்லூரியில் நடப்பதை வீட்டில் சொல்லுங்கள். பருவம் என்றால் என்ன, அக மதிப்பெண் என்றால் என்ன, தேர்வு எந்த மாதம் என்பதைத் தாய்க்குப் புரியும் சொற்களில் விளக்குங்கள். அவர்களுக்குப் புரியாது என்று நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள். விதைக்கும் நாளையும் அறுக்கும் நாளையும் கணக்கிட்டவர்களுக்கு உங்கள் பருவக் கணக்கு விளங்காமற் போகாது. நீங்கள் பட்டம் பெற்ற பின்னர், உங்கள் தெருவில் அடுத்து வரும் பிள்ளையின் சான்றிதழ்ப் பெட்டியை ஒருமுறை திறந்து பாருங்கள். அவனோடு கல்லூரி அலுவலகம் வரை நடந்து செல்லுங்கள்.

இவ்வூரின் முதல் பட்டதாரிகள் தனியே நடந்து சென்று படித்தார்கள். அடுத்து வருபவர்கள் தனியே நடக்கத் தேவையில்லை. இவ்வாண்டு சூலையில் கல்லூரிக்குச் செல்லும் நம் பிள்ளைகள் ஒருவர்கூடக் குறையாமல் அடுத்த தைப்பொங்கலுக்குப் பிறகும் அதே வகுப்பில் அமர்ந்திருக்க வேண்டும். அதை எண்ணிப் பார்க்கும் பொறுப்பைப் பெற்றோரும் சங்கமும் ஆசிரியரும் இன்றே ஏற்றுக்கொள்வோமாக. இந்த விழாவுக்கு அதைவிடச் சிறந்த நினைவுச் சின்னம் வேறில்லை.